கடலடிக் கம்பியும் கல்லூரிக் கதவும்

ஒரு நாட்டார் எவ்வளவு கற்றிருக்கின்றனர் என்பதைக் காட்டிலும், கற்க விரும்புகின்றவனுக்கு அந்நாட்டில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்பதே அந்நாட்டின் தகுதியை அளக்கும் கோலாகும். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, "இவனுக்கு அறிவில்லை" என்று ஏசுவது உலகத்தின் பழைய வழக்கம். நம் தோட்ட மக்களுக்கு அவ்வழக்கம் புதியதன்று.

இந்நாளில் அறிவு பெரும்பாலும் கம்பி வழியாகவே வருகின்றது. ஏட்டிலும் அச்சிலும் இருந்த ஆராய்ச்சி இன்று இணையத்தில் இருக்கின்றது. ஏழை நாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்று அவ்விணையத்தை எட்டாவிடில், அங்குள்ள ஆசிரியன் உலகம் பத்தாண்டுகளுக்கு முன் முடித்த ஆராய்ச்சியைத் தானும் ஒரு முறை செய்து காலங் கழிப்பான். அவன் மாணவன் பழைய பாடத்தையே புதிய பாடமென்று நம்புவான்.

"தோட்டத்துக் கிராணிக்குப் பல்கலைக் கழகக் கம்பியைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பவர் கேட்கலாம். அக்கம்பியின் வரலாறு நம் மண்ணில் தொடங்கியது என்பதும், அதன் கடைசி முழம் நம் லயத்து வாயிலில் நின்றுவிட்டது என்பதுமே என் விடை. இரண்டையும் முறைப்படி சொல்லுகிறேன்.

மலாய்க் காட்டுப் பால்

கடலுக்கடியில் செய்தி அனுப்ப வேண்டுமாயின், செம்புக் கம்பியின்மீது நீர் புகாத உறை வேண்டும். இந்தியா ரப்பர் உப்பு நீரில் கெட்டது. தாரும் சணலும் பயன்படவில்லை. அவ்வுறை கிடைத்தது மலாய் நாட்டுக் காடுகளில். மலாய்க்காரர் கெத்தா தாபான் என்றும் வெள்ளையர் கட்டாபெர்ச்சா என்றும் சொல்லும் மரப்பாலே அது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல் நீரில் நெடுங்காலம் கிடந்தாலும் கெடாது. சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மாண்ட்கோமரி என்பார் 1843-ஆம் ஆண்டில் இதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடற்கம்பி கிடத்தப்பட்டது. 1866-இல் அட்லாண்டிக் கடலைக் கம்பி நிலையாகக் கடந்தது. 1870-71-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி வந்தது. கடலடியில் ஓடிய சொற்களில் பெரும்பாலானவை இம்மரப்பால் உறைக்குள்தான் ஓடின.

இதற்கு நாடு கொடுத்த விலை யாது? இந்நாள் பால்மரத்தைப்போல் அம்மரத்தை நாள்தோறும் சீவிப் பாலெடுக்க இயலவில்லை. மரத்தையே வீழ்த்தித்தான் பாலெடுத்தனர். பெரிய மரம் ஒன்றைச் சாய்த்தாலும் கிடைத்த பால் மிகச் சிறிது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அடைந்த காடுகளிலும் அம்மரம் அருகிப்போயிற்று. காட்டை இழந்தவர் ஒருவர்; கம்பியில் பேசியவர் வேறொருவர்.

அக்கம்பி எதற்குப் பயன்பட்டது? லண்டனில் ஈயத்தின் விலை, ரப்பரின் விலை, ஆட்சியாளரின் உத்தரவு ஆகியவையே அதில் வந்தன. நெகிரி செம்பிலானில் சிரம்பான் முதல் பகாவ் வரை காடழித்துத் தோட்டங்கள் எழுந்தபோது, தொலைபேசி துரையின் பங்களாவில் இருந்தது. பின்னர் ஆபீசிலும் வந்தது. லயத்துக்கு வந்ததில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன, ஆனால் பல இடங்களில் அவை கொட்டகையாகவே வந்தன. 1925-இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது விதித்த தீர்வையே அதன் செலவுக்கு ஆதாரம். அதாவது, விடியுமுன் பால்மரம் வெட்டியவனின் உழைப்பால் ஆராய்ச்சி நடந்தது. அவ்வாராய்ச்சியின் பயனைப் படிக்கும் வாய்ப்பு அவன் பிள்ளைக்கு இல்லை.

தபால் பை போன்ற கம்பி

நூறாண்டு கடந்து ஒரு மாறுதல் நேர்ந்தது. தந்திக் கம்பி வணிகருக்காகவே வந்தது. கணினிக் கம்பியோ பல நாடுகளில் முதன்முதல் பல்கலைக் கழகங்களுக்காகவே வந்தது. ஆசிய நாடுகளின் வரலாற்றில் இஃது அருமையான நிகழ்ச்சி.

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டில் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சிப் பிணையம் தொடங்கப்பட்டது. இந்திய அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் பொருளுதவி செய்தன. ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் முதலில் சேர்ந்தவற்றுள் அடங்கும். சென்னைத் தொழில்நுட்பக் கழகம் அவ்வைந்தில் ஒன்று. இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முயன்றதன் பயனாக, 1990-ஐ ஒட்டி 'லேர்ன்' என்னும் பிணையம் மின்னஞ்சல் அளவில் தோன்றியது. நம் நாட்டில் 1985-இல் மைமோஸ் நிலையம் அமைந்தது. துங்கு முகமது அஸ்மான் ஷரிபுடின் தலைமையில் அந்நிலையத்தார் 1980-களின் இறுதியில் 'ரங்கோம்' என்னும் பிணையத்தால் பல்கலைக் கழகங்களின் கணினிகளை இணைத்தனர். அதுவே பிறகு 'ஜாரிங்' ஆயிற்று.

அக்காலத்து மின்னஞ்சல் எவ்வாறு சென்றது என்பதைத் தோட்டத்து உவமையால் விளக்கலாம். தபால் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதியவுடன் போவதில்லை. பை நிறையும் வரையில் காத்திருக்கும். வண்டி வரும்போது போகும். அதுபோலவே, ஒரு கணினி பகலெல்லாம் கடிதங்களைச் சேர்த்து வைத்து, இரவில் தொலைபேசி வழியே அடுத்த கணினியை அழைத்து மொத்தமாக ஒப்படைக்கும். அது தன் பங்குக்கு அடுத்த கணினியிடம் கொடுக்கும். மறுமொழி வர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். ஆயினும், கப்பல் தபாலுக்குப் பல வாரங்கள் காத்திருந்த ஆராய்ச்சியாளனுக்கு இதுவே பெருவரமாயிற்று.

பின்னர் நிலையான இணைப்பு வந்தது. இந்தியாவின் முதல் வெளிநாட்டு இணைப்பு நொடிக்கு 9,600 பிட் அளவினது. எட்டு பிட் சேர்ந்தால் ஓர் எழுத்து. ஆக, நொடிக்கு 1,200 எழுத்து. படங்களுடன் பத்து இலட்சம் எழுத்தளவுள்ள ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்து சேர, வேறெவரும் கம்பியைத் தொடாதிருந்தால், பதினான்கு நிமிடம் ஆகும். 1992-இல் நம் ஜாரிங் அமெரிக்காவுடன் பெற்ற துணைக்கோள் இணைப்பு நொடிக்கு 64,000 பிட். அதே கட்டுரைக்கு இரண்டு நிமிடம். ஆனால், நாடு முழுமைக்கும் அஃதொன்றே வழி! ஒரு குழாயடியில் ஊரே குடத்துடன் நிற்பதை நினைத்தால் அந்நிலைமை விளங்கும்.

பின்பு வழிகள் பெருகின. 2005-இல் நம் பல்கலைக் கழகங்களுக்கென்றே 'மைரன்' என்னும் தனிப் பிணையம் அமைந்தது. ஐரோப்பியர் உதவியுடன் ஆசிய நாடுகளின் ஆராய்ச்சிப் பிணையங்களை ஒன்றோடொன்று இணைத்த 'டெய்ன்' திட்டத்தில் மலேசியாவும், பின்னர் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்தன. அதே 2005-இல் 'சீ-மீ-வீ 4' என்னும் கடற்கம்பி பிரான்சிலிருந்து சிங்கப்பூர் வரை கிடத்தப்பட்டது. அது மும்பாயிலும் கொழும்பிலும் சென்னையிலும் கரையேறி, நம் அண்டை மாநிலமாகிய மலாக்காவிலும் கரையேறுகின்றது. 1870-71-இல் சென்னையையும் மலாய்க் கரையையும் சேர்த்த பழைய வழியை நினைவூட்டும் வழி அது! ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கோ இத்தகைய பெருங்கம்பி 2009-இல்தான் வந்தது. அதுவரை அங்குள்ள பல்கலைக் கழகங்கள் துணைக்கோளுக்குப் பெரும்பணம் கொட்டிக் கொடுத்துச் சொட்டுச் சொட்டாக இணையம் பெற்றன. செல்வ நாட்டுக் கல்லூரி கொடுத்ததைவிட ஏழை நாட்டுக் கல்லூரி கூடுதல் விலை கொடுத்தது. கடனில் அரிசி வாங்கும் ஏழைக்குக் கடைக்காரர் வைக்கும் விலையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

கம்பி வந்தும் திறவாத கதவு

கம்பி வந்தால் போதும் என்று பலர் எண்ணினர். கம்பி வந்தபின் வேறொரு பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அதுவே விலைப் பூட்டு.

ஆராய்ச்சி சஞ்சிகைகளைப் பெரும் பதிப்பகங்கள் சில தம் கையில் வைத்திருக்கின்றன. கட்டுரை எழுதுகின்றவருக்கு அவை கூலி கொடுப்பதில்லை. கட்டுரையை மதிப்பிடுகின்ற அறிஞருக்கும் பெரும்பாலும் கொடுப்பதில்லை. படிக்க வருகின்றவனிடமோ, ஒரே கட்டுரைக்கு முப்பது அமெரிக்க வெள்ளிக்கு மேலும் கேட்பதுண்டு. தோட்டத்தில் வெட்டுபவனும் பதனிடுபவனும் கூலியின்றி உழைக்க, தரகன் மட்டும் விலை வைத்தால் நாம் அதை என்னவென்று சொல்லுவோம்?

இவ்வநீதியை உணர்ந்தவர் வாளாவிருக்கவில்லை. 1991-இல் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலார், அச்சேறுமுன்பே கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கும் 'ஆர்க்கைவ்' என்னும் களஞ்சியத்தைத் தொடங்கினார். 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புடாபெஸ்ட் நகர அறிக்கை, ஆராய்ச்சி எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று முழங்கிற்று. அதே ஆண்டு சனவரியில் உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களுடன் பேசி, 'ஹினாரி' என்னும் திட்டத்தால் வறிய நாடுகளுக்கு மருத்துவ சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கிடைக்கச் செய்தது. நல்ல காரியமே. ஆயினும், இதிலும் ஒரு வேலி இருந்தது. நாட்டின் வருமானம் ஓரளவுக்கு மேற்பட்டால் இடமில்லை. அதனால் மலேசியாவுக்கு இடமில்லாமற் போயிற்று. வருமானம் மிகக் குறைந்திருந்தும், பதிப்பகங்களுக்கு நல்ல சந்தையாயிருந்த இந்தியாவும் சேர்க்கப்படவில்லை. தருமம் செய்கின்றவர் யாருக்குச் செய்வது என்பதைத் தாமே முடிவு செய்வர். உரிமையாயின் அவ்வாறு முடிவு செய்ய இயலாது. இவ்வேறுபாட்டை நம் மக்கள் நன்கு உணர வேண்டும்.

இந்தியா இப்போது வேறு வழி கண்டிருக்கின்றது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்து, மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசாங்கக் கல்விச் சாலைகள் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மாணவர் அனைவரும் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளைப் படிக்க 2025 சனவரி முதல் வழி செய்தது. நகரத்துப் பெருங்கல்லூரிக்கும் சிற்றூர்க் கல்லூரிக்கும் ஒரே கதவு. பணம் பதிப்பகங்களுக்கே போகின்றது என்னும் குறை உண்டு. இருப்பினும், பெரிய கல்லூரிக்கு நெல்லும் சிறிய கல்லூரிக்கு உமியும் என்ற பழைய முறை ஓரளவு ஒழிந்தது.

தமிழர் திறந்த கதவுகள்

மூன்றாவது பூட்டு மொழி. இதனைத் திறந்ததில் தமிழர் பங்கு பெருமைக்குரியது. பல்கலைக் கழகத்துக்கும் பாட்டாளிக்கும் என்ன உறவு என்று கேட்பவர் இங்கே செவி கொடுக்கவேண்டும்.

1950-களில் மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்திய ஆய்வுத் துறையில் எம்மொழிக்கு முதன்மை என்னும் வாதம் எழுந்தது. தமிழுக்கே முதன்மை வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் இயக்கம் நடத்திப் பொருள் திரட்டினார். அந்நிதியில் செல்வர் பணம் மட்டுமா இருந்தது? பால்வெட்டுத் தொழிலாளியின் சிறு காசும் இருந்தது. தன் பிள்ளை ஏறிப் பார்த்திராத பல்கலைக் கழகத்துக்கு அவன் கொடுத்தான். 1956-இல் அத்துறை தொடங்கியது. பத்தாண்டு சென்று, 1966 ஏப்ரலில், அத்துறையின் தலைவராயிருந்த தனிநாயக அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கூலி என்று இகழப்பட்டவன் உலக அறிஞரைத் தன் நாட்டுக்கு வரவழைத்தான் என்றால் மிகையாகாது.

கணினிக் காலத்திலும் அவ்வுணர்ச்சி அவியவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டு முதற்கொண்டு 'முரசு' மென்பொருளால் கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-இல் பல்கலைக் கழகத்தாருடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்ட'த்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் ஓய்வு நேரத்தில் கூலியின்றித் தட்டெழுதிப் பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் பெறச் செய்தனர். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் தீக்கிரையாயின. அவ்வெரிந்த மண்ணின் மக்கள் 2005-இல் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைக் கட்டினர். எரிக்க எளிதில் இயலாத நூலகம் அது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏடுகளைக் காத்து உலகுக்கு அளிக்கின்றது. இவற்றைப் பெறப் பணம் வேண்டா. கம்பி மட்டும் வேண்டும்.

ஆபீஸ் தாழ்வாரம்

கம்பியின் கடைசி முழத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சு 18 அன்று கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் நடமாட்டம் தடை செய்யப்பட்டது. பல்கலைக் கழகங்கள் மூடப்பட்டன. "வீட்டிலிருந்தே இணையத்தில் படியுங்கள்" என்றனர். அவ்வாண்டு சபா மாநிலத்து மாணவி ஒருத்தி அலைவரிசை தேடி மரத்தின்மேல் ஏறித் தேர்வெழுதிய செய்தியை நாடே படித்தது. மரமேறாத பிள்ளைகளின் செய்தி ஒன்றும் அச்சில் வரவில்லை.

நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், மேற்பட்டத்துக்காகப் பால்மர இலைநோயை ஆராய்ந்துகொண்டிருந்தாள். லயத்துக்குத் திரும்பி வந்தாள். லயத்தில் கைப்பேசிக்கு அலை எட்டாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் சிறிது எட்டும். மழை வந்தால் அதுவும் இல்லை. அவள் தாய் ஆபீசுக்கு வந்து, "கிராணி ஐயா, பிள்ளை சாயங்காலத்துல தாழ்வாரத்துல உக்காந்து படிக்கட்டுமா? ஆபீஸ் கம்பி அங்க எட்டுதாம்" என்று கேட்டார். நான், "ஆபீஸ் இணைப்பு ஆபீஸ் வேலைக்குத்தான், அம்மா. அது சட்டம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பாட்டனார் பால்மரம் வெட்டியவர், எழுத்தறியாதவர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அந்நாள் கிராணியாரிடம் கொண்டுபோய்க் கைகட்டி நிற்பாராம். கிராணியாருக்கு மனமிருந்தால் படிப்பார். இல்லையேல், "நாளைக்கு வா" என்பார். தம் தாய் இறந்த செய்தி நான்கு நாள் மடித்த கடிதத்துக்குள்ளேயே கிடந்ததாகப் பாட்டனார் சொல்லுவார். அவர் பேரன் ஆங்கில வழியில் படித்து அதே நாற்காலியில் அமர்ந்து, அதே, "நாளைக்கு வா" என்பதைச் சட்டம் என்னும் பெயரால் சொன்னான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். அவர், "தாராளமாக உட்காரட்டும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே" என்றார். நான் சட்டம் என்று சொன்னது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நானே அதன் பூட்டாயிருந்தேன்.

தாழ்வாரத்தில் அவளுடன் இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தமர்ந்தனர். கம்பி கிடைத்ததும் அவள் விலைப் பூட்டைக் கண்டாள். பால்மர நோயைப் பற்றிய ஒரு கட்டுரைக்குக் கேட்ட விலை, அவள் தந்தையின் இரண்டு நாள் கூலிக்கும் மேல். பால்மரத்தை வளர்த்தவன் பேத்தி அம்மரத்தின் நோயை அறிய வெளிநாட்டானுக்குப் பணங் கட்ட வேண்டும்! பல்கலைக் கழக நூலகத்தின் வழியாகச் சில கட்டுரைகள் கிடைத்தன. மற்றவற்றுக்கு அவள் எழுதிய அறிஞர்களுக்கே மின்னஞ்சல் விடுத்தாள். சிலர் உடனே அனுப்பி வைத்தனர். அறிஞர் பலர் கொடுக்கும் மனத்தினரே. கேட்கும் வழியைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

செய்ய வேண்டுவன

அரசாங்கம் 2020 செப்டம்பரில் 'ஜெண்டேலா' என்னும் திட்டத்தைத் தொடங்கி, அலைவரிசையை நாடெங்கும் பரப்ப முற்பட்டது. பல இடங்களில் நிலைமை திருந்தியுமிருக்கின்றது. ஆயினும், தோட்டம் தனியார் நிலம். பொதுச் சாலையோடு கம்பி நின்றுவிடுவதும், அதற்கப்பால் யார் பொறுப்பு என்று ஒருவரையொருவர் காட்டுவதும் இன்னும் உண்டு. லயத்துக்குத் தண்ணீரும் விளக்கும் கொடுப்பது எவ்வாறு கடமையாயிற்றோ, அவ்வாறே இணையமும் கடமையாக வேண்டும். இதைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளும் கோவில் மண்டபங்களும் படிப்பகங்களும் மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். திருவிழாவில் வாணத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கு போதும், ஒரு படிப்பகத்துக்கு ஆண்டு முழுதும் இணைப்புக் கொடுக்க. பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி பொதுமக்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும் என்று பல்கலைக் கழகங்களை வற்புறுத்துவதும் நம் கடமை.

கேட்பதற்கு நாணுவோரை ஒன்று நினைக்கச் சொல்லுகிறேன். உலகத்தின் முதற் கடற்கம்பிகளுக்கு உறை தந்தது இந்நாட்டு மரம். ரப்பர் ஆராய்ச்சிக்குப் பொருள் தந்தது நம் முன்னோரின் கத்தி. மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு இடம் தந்ததில் அவர்களின் காசும் உண்டு. நாம் பிச்சை கேட்கவில்லை. போட்ட முதலுக்குப் பங்கு கேட்கிறோம்.

தோட்டந்தோறும் ஆபீசில் அமர்ந்திருக்கும் என் சகோதரக் கிராணிமாருக்கு ஒரு சொல். உங்கள் மேசையடியில் சிறு விளக்கு மினுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். மாலையில் ஆபீசைப் பூட்டும்போது அதையும் அணைத்துவிட்டுப் போகிறோம். இனி அதை எரிய விட்டு, தாழ்வாரத்தில் ஒரு விசிப்பலகையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோமாக.